ஓனர் கட்டத்தில் கொழுந்தன்

“ஓனர் மொபைல் நம்பர் சொல்லுங்கக்கா.”

பஷீர் பாய் தலை நிமிராமல் கேட்டார். கம்ப்யூட்டரின் வெளிச்சம் அவர் மூக்குக்கண்ணாடியில் நீலமாக மிதந்தது. நான் சொன்னேன். பத்து இலக்கமும் தடுக்காமல், மூச்சு வாங்காமல், வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி வந்து விழுந்தன.

அது என் நம்பர் இல்லை. என் கொழுந்தன் சேகருடைய நம்பர்.

போன மார்கழியில் நடந்தது இது. கல்யாணம் இல்லாத மாதம். எங்கள் பாத்திர வாடகைக் கடையில் அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து குப்புறப் படுத்திருந்தன. எங்கள் ஊர் மலைக்கோயிலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. வாசலில் என் வீட்டுக்காரர் எங்கள் குட்டி யானை வண்டியின் தார்ப்பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் நம்பர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. ஊசியை இழுத்தார். மறுபடி குத்தினார்.

பஷீர் பாய் அரக்கோணத்துக்காரர். கம்ப்யூட்டர் விற்பார், பழுது பார்ப்பார், சிறு கடைகளுக்குக் கணக்கு சாப்ட்வேர் போட்டுக் கொடுப்பார். நல்ல மனிதர். இந்தக் கதையில் அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. மற்ற எல்லார்மேலும் உண்டு, என்னையும் சேர்த்து.

“ஆறு நம்பர் ஒண்ணு மெசேஜ்ல வரும்க்கா. வந்துச்சா?”

என் போன் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. அதற்கு ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? அரக்கோணத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை பார்க்கும் சேகரைக் கூப்பிட்டேன். ஆறு எண்ணையும் படித்தான். கூடவே ஒரு யோசனையும் சொன்னான்.

“நம்பர் என்னுது, பேரு வேற யாருதாவது இருந்தா கொழப்பம் அண்ணி. ஓனர் பேரும் என்னுதே போட்டுடச் சொல்லு.”

பஷீர் பாய் என்னைப் பார்த்தார்.

“ஆங், போடுங்க பாய்,” என்றேன்.

“அப்ப பில்லு போடறது நீங்கதானே? உங்கள ஸ்டாஃப்னு போட்டுக்கறேன்.”

அதற்கும் ஆங் என்றேன். பத்தொன்பது வருடம் நான் நடத்திய கடையில் ஒரு காலை நேரத்தில், என் வாயாலேயே, நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

நாக்கில் ஏறிய நம்பர்

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கோபம் வந்தால் நான் நடப்பேன். ரயில்வே கேட் வரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்து கேட்டுக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் செல்போன் வாங்கியவன் சேகர். அன்றிலிருந்து நம்பரையும் மாற்றவில்லை. என் வீட்டுக்காரர் போனோ அண்டாத் தண்ணீரில் விழும், வண்டிச் சக்கரத்தில் மாட்டும், நம்பர் மாறும். அதனால் ரேஷன் கார்டுக்கு சேகர் நம்பர். கேஸ் சிலிண்டருக்கு சேகர் நம்பர். என் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு, கரண்டு பில்லுக்கு, பாங்கு பாஸ்புக்குக்கு, எல்லாவற்றுக்கும். கவுண்டருக்கு அந்தப்பக்கம் இருப்பவர் “மொபைல் நம்பர்” என்று இழுத்தாலே என் நாக்கு தானாக ஆரம்பித்துவிடும்.

எனக்கென்று ஒரு போன் வந்து எட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் நாக்கு பழைய தடத்திலேயே ஓடியது.

ஒரு முறை வயிற்று வலிக்காகத் திருவள்ளூரில் ஸ்கேன் எடுத்தேன். மறுநாள் காலை சேகர் கூப்பிட்டான். “பயப்படாத அண்ணி, கர்ப்பப்பைல சின்ன கட்டிதானாம். ஆபரேஷன் தேவையில்ல.” என் கர்ப்பப்பையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு முன்னால் என் கொழுந்தனுக்குத் தெரிந்தது. அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னான் என்பதற்காக அன்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். இன்று இதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

இத்தனைக்கும் அந்த நம்பரை யாரும் என்மேல் திணிக்கவில்லை. ஒவ்வொரு படிவத்திலும் நானே, என் கையெழுத்தில், அழகாக எழுதிக் கொடுத்தேன்.

விற்றுத் தீர்ந்த அண்டாக்கள்

சாப்ட்வேரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் வாரம் அதோடு நான் பட்ட பாடு தனி.

தை பிறந்ததும் கல்யாணங்கள் தொடங்கின. மலைமேல் தாலி கட்டிவிட்டுக் கீழே மண்டபத்தில் பந்தி போடுவார்கள். நகரியிலிருந்து ஒரு கூட்டம், கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு கூட்டம். பெரிய அண்டா, குண்டான், இட்லிப் பானை, ஜல்லிக்கரண்டி என்று எல்லாவற்றையும் பில் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை: அண்டா இருப்பு இல்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் அண்டாக்கள் வரிசையாக, கழுவிக் கவிழ்த்து, முதுகில் வெயில் வாங்கிக்கொண்டிருந்தன.

பஷீர் பாயைக் கூப்பிட்டேன்.

“இன்னா பாய், என் அண்டா எல்லாம் வித்துப்போச்சாம். யாரு வித்தது?”

அவர் சிரித்தார். “அதுக்குப் போன சாமான் திரும்பி வரும்னு தெரியாதுக்கா. வாடகையச் சாமான் பக்கத்துல எழுதிகினு இருக்கீங்க. சேவைனு ஒரு பக்கம் கீது, அங்க மாத்திடறேன்.”

மாற்றிக் கொடுத்தார். அதன்பிறகு அது ஒழுங்காக நடந்தது. நான் அதற்குப் பழகினேன். அது எனக்குப் பழகியது. தேதி, பெயர், சாமான், வாடகை, உடைந்தது, தொலைந்தது. மாலையில் அன்றைய கூட்டுத்தொகை கீழே வந்து நிற்கும்போது, சுத்தமாகக் கழுவிய பாத்திரத்தில் முகம் பார்ப்பது போல ஒரு நிறைவு. பொய் சொல்லவில்லை, அந்த மிஷினை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்தக் கூட்டுத்தொகை அரக்கோணத்தில் சேகர் போனிலும் தெரிந்தது.

“அண்ணி, இன்னிக்கி இன்னா ரெண்டு பில்லுதான் ஓடியிருக்குது? முகூர்த்த நாளாச்சே.”

“அண்ணி, புத்தூர் பார்ட்டிக்கு ஏன் அவ்ளோ கொறச்சிட்ட?”

தினமும் சாயங்காலம், அவன் வேலை முடிந்து ரயிலுக்கு நிற்கிற நேரத்தில், போன். ஓர் அண்டாவுக்கு அடிப்பிடித்தால் சாம்பல் போட்டு எத்தனை தேய் தேய்க்க வேண்டும் என்று தெரியாதவன். கை வைத்த பாத்திரமெல்லாம் சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான். அவன் என்னைக் கணக்குக் கேட்டான். நான் பதில் சொன்னேன். பதில் சொன்னேன் என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

ச.க. என்று வெட்டிய பாத்திரங்கள்

இந்தக் கடை எப்படி வந்தது என்று நான் எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை சொன்னதில்லை. “எங்க நைனா வெச்ச கடை” என்று சேகர் ஊரெல்லாம் சொல்வான். மாமனார் பெயர்ப்பலகையில் இருக்கிறார், உண்மைதான். அவர் நல்ல தச்சர். பெஞ்சும் கட்டிலும் செய்தார். பாத்திரம் வைத்ததில்லை.

நான் அம்மையார்குப்பத்திலிருந்து வந்தவள். அப்பா சண்முகம் தறி ஓட்டிச் சேர்த்த காசில் எனக்குச் சீர் வைத்தார்: பித்தளை அண்டா இரண்டு, குண்டான் நாலு, தவலை, தாம்பாளங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் உளியால் புள்ளி புள்ளியாக “ச.க.” என்று வெட்டியிருந்தது. சண்முகம் மகள் கஸ்தூரி.

எங்கள் ஒற்றை அறை வீட்டில் அவற்றை வைக்க இடமில்லை. பரணில் ஏறாது. பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்து. “ரெண்டு அண்டா குடேன் கஸ்தூரி, வாடகை குடுக்கறேன்” என்றாள் ஒருத்தி. கொடுத்தேன். திரும்பி வரும்போது உள்ளே ஒரு கைப்பிடி அரிசியும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்தாள். கல்யாணச் சாமானைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த வாடகையில் ஒரு கரண்டி வாங்கினேன். அடுத்த வாடகையில் இட்லிப் பானை. அப்படித்தான் கடை.

பிறகு வாங்கிய பாத்திரங்களில் மாமனார் பெயரின் முதல் எழுத்து, பிறகு வீட்டுக்காரர் பெயர். பெயர் வெட்டுகிறவர் கேட்பார், நான் அவர்கள் பெயரைச் சொல்வேன். பாருங்கள், அங்கேயும் நான்தான் சொல்லியிருக்கிறேன். சாப்ட்வேர் வருவதற்கு வெகு காலம் முன்பே என் கை என் பெயரை ஓரம் கட்டப் பழகியிருந்தது.

ஒரே ஒரு காகிதம் மட்டும் தப்பியது. நகராட்சி லைசென்ஸ். பெண் பேரில் எடுத்தால் ஏதோ கட்டணம் குறைகிறது என்று யாரோ சொன்னதால், சில வருடங்களுக்கு முன் அதை என் பெயருக்கு மாற்றினோம். லாபத்துக்காகத்தான், மரியாதைக்காக இல்லை.

இரண்டு நாற்காலிகள்

இந்த மார்கழியில் மணவூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே எங்களைப் போலவே பாத்திரம் வாடகைக்கு விடுகிற ஒருவர், முதுகு வலி தாங்காமல், தொழிலை விடுகிறார். சாமான் மொத்தத்தையும் ஒருவருக்கே கொடுக்க விருப்பம். எனக்கு முதல் உரிமை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அந்தச் சாமான் வந்தால் தையில் ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் அது வேறொரு கடைக்குப் போய், எங்களுக்கே எதிராக நிற்கும்.

பாங்கில் கடன் கேட்டேன். லைசென்ஸும் ஒரு வருடத்து லாப நஷ்டக் கணக்கும் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குத்தானே சாப்ட்வேர்! தெம்பாக வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, லாப நஷ்டம் என்ற இடத்தில் தட்டினேன்.

இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்.

ஒரு வருடமாக ஒவ்வொரு எண்ணையும் என் விரலால் தட்டி உள்ளே போட்டவள் நான். போடலாம், பார்க்கக் கூடாது. கழுவலாம், சாப்பிடக் கூடாது என்பது மாதிரி.

உரிமையாளரைத் தொடர்புகொண்டேன். உற்சாகமாகிவிட்டான்.

“நீ ஏன் அண்ணி அலையற? நானே லீவு போட்டுட்டு பிரிண்ட் எடுத்துகினு வர்றேன்.”

செவ்வாய்க்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பாங்கு அதிகாரியின் மேசை முன்னால் இரண்டு நாற்காலிகள். இருவரும் உட்கார்ந்தோம். அவர் சேகர் கொடுத்த காகிதத்தைப் பார்த்தார். மேலே கொட்டை எழுத்தில்: உரிமையாளர், சேகர். அந்த நொடியில் அதிகாரியின் முழங்கால், தோள், முகம், எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பின.

“நல்லா பண்றீங்க சார் பிசினஸ். பெரிய அண்டா ஒரு நாளைக்கு இன்னா வாடகை சார்?”

சேகர் போனை எடுத்துத் தடவினான். நான் சொன்னேன். அவர் என் பதிலை வாங்கிக்கொண்டு, அவனைப் பார்த்துத் தலையாட்டினார்.

“ஒரே ஒரு சிக்கல் சார். லைசென்ஸ் மேடம் பேர்ல இருக்குது, கணக்கு உங்க பேர்ல இருக்குது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். லைசென்ஸ உங்க பேருக்கு மாத்திடுங்களேன், ஈஸி.”

“அதுக்கின்னா சார், மாத்திடலாம்,” என்றான் சேகர். ஒரு சட்டைப் பித்தானை மாற்றுவது போலச் சொன்னான்.

நான் எழுந்தேன். என் லைசென்ஸை மேசையிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். படிகளில் சேகர் பின்னாலேயே ஓடி வந்தான்.

“இன்னா அண்ணி, ஆபீசர் முன்னாடி மானத்த வாங்கற?”

“கணக்க என் பேருக்கு மாத்து சேகரு. உன் போனுக்கு ஆறு நம்பர் வரும். அத மட்டும் சொல்லு.”

“எதுக்கு இப்ப? எல்லாம் குடும்பத்துக்குதானே? யார் பேர்ல இருந்தா இன்னா?”

“அதத்தான் நானும் கேக்கறேன். யார் பேர்ல இருந்தா இன்னா? என் பேர்ல இருக்கட்டுமே.”

அவன் முகம் இறுகியது. “நைனா கடைய நீ தனியா இழுத்துகினு போகப் பாக்கற,” என்றான். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றான்.

அவருக்குத் தெரிந்தது

புதன்கிழமை காலை பஷீர் பாய் வந்தார். உரிமையாளரை மாற்ற வழி இருக்கிறதா என்றேன். உதட்டைப் பிதுக்கினார்.

“அந்த ஆறு நம்பர் அவரு போனுக்குதான்க்கா போவும். அவரு சொல்லலன்னா அந்தக் கணக்கு அவ்ளோதான். புதுசா ஒண்ணு தொறந்து, வருஷத்து பில்லு மொத்தமும் திரும்ப ஏத்தணும். முடியுமா?”

“கையால எழுதிக் குடுத்த பில் புக்கு எல்லாம் கீது. முடியும்.”

“சரி. ஓனர் நம்பர் சொல்லுங்க.”

வாயைத் திறந்தேன். முதல் இரண்டு இலக்கம் வந்துவிட்டது. சேகருடையது. நாக்கைக் கடித்து நிறுத்தினேன். நிறுத்திவிட்டு நின்றேன். என் நம்பர் எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் கையில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. வேண்டியவர்களுக்கு மிஸ்டு கால் கொடுப்பேன், அவ்வளவுதான்.

வாசலிலிருந்து ஒரு குரல் பத்து இலக்கத்தையும் நிதானமாகச் சொன்னது. என் வீட்டுக்காரர். வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர், பம்ப்பிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்.

என் போன் மேசைமேல் அதிர்ந்தது. ஆறு எண்கள்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“ஒவ்வொரு மண்டபத்துலேர்ந்தும் உனக்குதானே அடிக்கறேன். போன் தொலஞ்சாலும் யாருதுலேர்ந்தாவது அடிப்பேன். மனசுல நின்னுபோச்சு.”

“அப்ப அன்னிக்கி பாய் கேட்டப்ப? பக்கத்துலதானே குந்திகினு இருந்த?”

“நீ சேகரு நம்பர சொன்ன. நீ சொன்னா சரியாதான் இருக்கும்னு உட்டுட்டேன்.”

என்னைப் பிரியமாகத்தான் நம்பியிருக்கிறார். என்னை எரிக்கவும் அதுவே போதும். ஒரு வருடம்! தினமும் சாயங்காலம் நான் சேகருக்குப் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, என் நம்பரை மனசில் வைத்துக்கொண்டு, தார்ப்பாய் தைத்திருக்கிறார் மனிதர். பஷீர் பாய் திரையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினேனா என்றால், கத்தினேன். எதிர்க்கடை வரை கேட்டிருக்கும்.

கத்தி முடித்ததும் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முதல் பில் புத்தகத்தை எடுத்து, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் படிக்கறேன். நீ அடி.”

அவர் ஐந்தாவதுக்கு மேல் படித்தவரில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். “தை… ரெண்டாம் தேதி. கண்டிகை… முனுசாமி. அண்டா நாலு. கரண்டி… ஒண்ணு தொலைஞ்சது, தள்ளுபடி.” நடுவில் நிறுத்துவார். “அந்தக் கரண்டிய உட்டுட்டியா?” “அவங்க வீட்ல சாவு.” “ஓ.” மறுபடி படிப்பார். ஒரு வருடத்தில் யாருக்கு எதற்காக விட்டுக்கொடுத்தேன், யாரிடம் விடாமல் பிடித்தேன் என்பதெல்லாம் அவர் வாயாலேயே அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது புத்தகத்தில் அவர் குரல் கம்மியது. தண்ணீர் கொடுத்தேன். இடையில் சேகர் இரண்டு முறை அவருக்கு அடித்தான். ஒரு முறை எடுத்து, “பில்லு படிச்சிகினு கீறேன்டா, அப்பறம்,” என்று வைத்துவிட்டார். அவர் தம்பியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வியாழன் மத்தியானம் முடிந்தது. லாப நஷ்டம் என்ற இடத்தில் தட்டினேன். திறந்தது. பிரிண்ட் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பாங்கு. தனியாகப் போனேன், வண்டியில் கொண்டுவந்து விட்டவரை வெளியிலேயே நிற்கச் சொன்னேன். அதே மேசை, அதே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தேன். அதிகாரி லைசென்ஸையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு முறை பார்த்தார். ச. கஸ்தூரி. ச. கஸ்தூரி. கடன் விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சார் வரலியா மேடம்?”

“எந்த சார்?”

அவர் பேனாவை நீட்டினார்.

விண்ணப்பம் என் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தபடி கிடந்தது. அவர் கை பழக்கத்தில் அங்கேதான் வைத்திருந்தது. நான் கையை நீட்டி அதை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.